மருத்துவச்சியும் மருத்துவமனையும்

"நம் பாட்டிமார் எந்த மருத்துவமனைக்குப் போனார்கள்? லயத்து வீட்டில் பாயை விரித்துப் பெற்றார்கள், எட்டும் பத்தும் பெற்றார்கள், பச்சை உடம்பு காயுமுன்னே பால்வெட்டப் போனார்கள்" என்னும் பேச்சு அண்மை ஆண்டுகளில் நம்மிடையே மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. திருமண வீட்டுப் பந்தியில் இதனைக் கேட்கலாம். கோயில் திருவிழாவில் கேட்கலாம். கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழும் செய்திகளிலும் காணலாம். முன்பு இவ்வாறு பேசியோர் முதியோர். இன்று பேசுவோர் பட்டம் பெற்ற இளைஞர். கரங்கானைச் சூழ்ந்த பால்மரத் தோட்டங்களை விட்டுப் பெயர்ந்து, கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் தாமான் வீடுகளில் குடியேறிவிட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். வீட்டுப் பேற்றுக்கு இவர்கள் சூட்டும் பெயர்களும் அழகானவை: இயற்கைப் பேறு, மரபுவழிப் பேறு, தமிழர் முறைப் பேறு.

பெயர் அழகாக இருப்பதால் மட்டும் ஒரு கூற்று உண்மையாகிவிடாது. இக்கூற்று பொய் என்பதையும், இப்பொய் உயிரைக் குடிக்கவல்லது என்பதையும் ஒளிக்காமல் கூற வேண்டிய கடமை, மரபைக் கற்பிக்கும் தமிழாசிரியர்களுக்கே முதலில் உண்டு. மரபின் பெயரால் அல்லவா இது விற்கப்படுகிறது?

பத்துப் பெற்ற பாட்டியின் கதையை நாம் கேட்கிறோம். ஏன் கேட்கிறோம்? அவர் பிழைத்திருந்தார், ஆதலால் கதை கூறினார். மூன்றாம் பேற்றில் இறந்தவள் எந்தப் பேரனுக்கும் கதை கூறவில்லை. அவளுக்குப் பேரனே இல்லாதிருக்கலாம்; இருப்பினும் அவன் அவளைப் படத்தில்கூடக் கண்டதில்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணி ஒரு முறைக்கு நற்சான்று வழங்குவது, கரை சேர்ந்த தோணிகளை மட்டும் எண்ணிக் கடலுக்குப் புயலே இல்லை என்று சாதிப்பது போன்றது. பாட்டி பத்துப் பெற்றாரே, அவற்றுள் எத்தனை நடை பழகின என்பதையும் யாரும் கேட்பதில்லை. கொடியை அறுத்த கத்தி தூயதாக இல்லாமையாலும், அறுத்த இடத்தில் அப்பிய சாம்பலாலும் சாணத்தாலும் இரணசன்னி கண்டு, பிறந்த சில நாள்களிலேயே விறைத்து இறந்த குழந்தைகள் கொஞ்சமல்ல.

மரபு, மரபு என்கிறார்களே, அந்த மரபு உண்மையில் என்ன சொல்லியிருக்கிறது? தமிழ்நாட்டுப் பழைய சாலைகளின் ஓரத்தில் இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். சுமைதாங்கிக் கல் என்பது அதன் பெயர். வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாற உதவும் கல் என்று மாணவர்க்குப் பாடம் சொல்கிறோம். சொல்லாமல் விடும் மற்றொரு செய்தியும் உண்டு. வயிற்றுச் சுமையை இறக்கி வைக்க முடியாமலேயே இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவளுடைய சுமையை ஏதேனும் ஒரு கல்லேனும் தாங்கட்டும் என்று உறவினர் நட்ட கற்கள் அவை. ஒரு சமுதாயம் இத்தகைய இறப்புக்கெனத் தனியாக ஒரு நினைவுக் கல்லையே வகுத்து வைத்திருந்தது என்றால், அவ்விறப்பு அங்கே அரிதான நிகழ்ச்சியா? பிள்ளைப்பேற்றைப் பெண்ணுக்கு மறுபிறப்பு என்று சொல்லி வைத்த மக்கள், அதனை எளிதென்று கருதியிருப்பார்களா? நம் முன்னோர் அஞ்சினார்கள். அவர்களுடைய அச்சத்தை மறைத்துவிட்டு அவர்களுடைய பாயை மட்டும் எடுத்துக்காட்டுவது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதையை நினைத்துப் பாருங்கள். கருவுற்ற மகள் மலைக்கோட்டையின் அடியில் வலியால் துடிக்கிறாள். உதவிக்கு வரவேண்டிய தாய் காவிரியின் அக்கரையில் நிற்கிறாள். ஆற்றில் வெள்ளம், கடக்க வழியில்லை. அப்பொழுது சிவபெருமானே தாயின் உருவில் வந்து பேறு பார்க்கிறார். இதனைப் பக்திக் கதையாகப் படிப்போர் படிக்கட்டும். எனக்கு இது வழியைப் பற்றிய கதையாகவே படுகிறது. கைதேர்ந்த உதவி இருக்கிறது, ஆனால் குறித்த வேளைக்குள் வந்து சேர முடியவில்லை என்பதுதான் அங்குள்ள இடர். அந்த வெள்ளத்துக்கு மனிதரிடம் தீர்வு இல்லாமையால் கடவுளை அழைத்தார்கள்.

வேளை என்று ஏன் அழுத்திக் கூறுகிறேன்? நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லிட்டருக்கு மேற்பட்ட குருதி பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சு பிரிந்த பின், அந்த இரத்தக் குழாய்களின் வாயைக் கருப்பையின் தசைதான் இறுகி நெரித்து மூட வேண்டும். இறுகினால் தாய் பிழைத்தாள். இறுகாவிட்டாலோ, தடுக்கப்படாத உதிரப்போக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும். கொக்கிப்புழுவாலும் மலேரியாவாலும் அரைவயிற்று உணவாலும் குருதி குன்றிய தோட்டத்துப் பெண்ணுக்கு அவ்விரண்டு மணி நேரமும் கிடைத்ததில்லை. யாருக்கு இவ்வாறு நேரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியாது. உதிரப்போக்குக்கு ஆளாகும் பெண்களுள் பெரும்பாலோர் அதற்கு முன்பு எந்தக் குறையும் காட்டாதவர்கள். "என் மனைவி நல்ல உடற்கட்டு உடையவள்" என்று சொல்லும் கணவனுக்கு இதுவே மறுமொழி. பிறந்தவுடன் போடும் ஓர் ஆக்சிடோசின் ஊசி இவர்களுள் பலரைக் காக்கிறது. அந்த மருந்து குளிரில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். போடக் கற்ற கை அருகில் இருக்க வேண்டும். அதற்கும் அடங்காதபோது ஏற்றக் குருதி வேண்டும். பாயும் வெந்நீரும் நல்லெண்ணமும் இவற்றுக்கு ஈடாகா.

இனி நம் தோட்டங்களின் வரலாற்றுக்கு வருவோம். மலாயாவில் தோட்டம் என்பது தனியார் நிலம். அங்கு வாழ்ந்தோரின் உடல்நலத்தைத் தொழிற்சட்டங்கள் முதலாளியின் பொறுப்பில் விட்டிருந்தன. அதனால் கிடைத்தது என்ன? தோட்டத்துக்கு ஒரு மருந்தகம், அதில் ஒரு டிரஸர். பல தோட்டங்கள் கூடி நடத்திய கூட்டு மருத்துவமனை எங்கோ தொலைவில். டிரஸர் ஆண். காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுக்கவும் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப்போடவும் கற்றவர். அவர் முன்னிலையில் பிள்ளை பெற எந்தப் பெண் இசைவாள்? நள்ளிரவில் வலி கண்டால் துரையின் மோட்டாரையோ பால் ஏற்றும் லாரியையோ கேட்டு நிற்க வேண்டும். அந்நிலையில் நம் பாட்டி லயத்து வீட்டில் பெற்றதைத் 'தேர்வு' என்று அழைப்பது கொடிய நகைச்சுவை. கதவு ஒன்றே இருந்த அறையில், அக்கதவு வழியே வெளியேறியவளைப் பார்த்து, "எவ்வளவு அழகாகத் தேர்ந்தெடுத்தாள்!" என்கிறோம்.

நாட்டு விடுதலைக்குப் பின் இந்த அரசாங்கம் செய்த ஓர் அருஞ்செயல் நம் மாணவர்களின் பாடநூல்களில் உரிய இடத்தைப் பெறவில்லை. ஊரகப் பகுதிகளில் ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு தலைமை நலநிலையம், பத்தாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என ஒரு வலை விரிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற மருத்துவச்சி அந்நிலையத்திலேயே குடியிருந்தாள். வலி கண்ட வீட்டுக்கு அவளே சென்று பேறு பார்த்தாள். கம்பத்துப் பழைய 'பீடான்'களையும் அரசு பகைத்துக்கொள்ளவில்லை. 1966ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம், பழைய முறையில் பேறு பார்த்து வந்தோரும் பதிவு செய்துகொள்ள வழிவிட்டது. உடல் பிடித்துவிடுதல், பத்தியம், பேற்றுக்குப் பிந்திய பணிவிடை ஆகியவை பீடானிடமே இருந்தன. கொடி அறுப்பதும் இடர் அறிந்து மருத்துவமனைக்கு அனுப்புவதும் பயிற்சி பெற்றவளுடைய வேலையாயின. கருவுற்றவளின் கையேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் குறியிட்டு யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் முறை பின்னர் வந்தது. விடுதலை பெற்ற 1957இல் நூறாயிரம் உயிர்ப்பிறப்புக்கு 280 தாய்மார் அளவில் இறந்துகொண்டிருந்த நாட்டில், 2020இல் அவ்வெண் 25ஐ ஒட்டி வந்து நின்றது. கோவிட் கொள்ளைநோய் உச்சத்தில் இருந்த 2021இல் அது 68 ஆக ஏறியது. காத்துவந்த வலை சற்றே கிழிந்தால் என்னாகும் என்பதற்கு அந்த ஓர் ஆண்டே சான்று.

இவ்வெற்றியில் வீட்டுப் பேற்றுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் பெற்றும் பெண்கள் பிழைத்தார்கள். பிழைக்க வைத்தது வீட்டின் சுவர் அன்று, வந்தவளின் கல்வியும், அவள் எழுதிக் கொடுத்த சீட்டை மதித்து ஏற்றுக்கொண்ட மருத்துவமனையும். ஆனால் அந்த வலை பெரிதும் கம்பங்களுக்கென விரிக்கப்பட்டது. தோட்டத்தின் முள்வேலி வரை வந்து நின்றது. வேலிக்குள் இருந்தவர்கள் முதலாளியின் பொறுப்பு என்று அரசும், செலவு மிகுதி என்று முதலாளியும் இருந்துவிட்ட ஆண்டுகளில் நம் பெண்கள் நடுவில் கிடந்தார்கள். வீட்டுப் பேற்றின் பெருமையைப் பாடுவோர் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாட வேண்டும்.

மருத்துவச்சியைப் போற்றுவோரிடம் மற்றொன்றும் கேட்கத் தோன்றுகிறது. ஊரில் நம் முன்னோர் அவளை எங்கே வைத்திருந்தார்கள்? பெரும்பாலும் முடிதிருத்தும் குலத்துப் பெண்ணே அத்தொழிலைச் செய்தாள். தீட்டான வேலை என்று அவளுக்கு ஒதுக்கினார்கள். பிள்ளையை ஏந்திய கையில் நீரைத் தூக்கி ஊற்றினார்கள். கூலி சிறிது நெல், ஒரு பழம்புடைவை. கப்பலேறி வந்தபோது இச்சாதி வழக்கத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டே வந்தோம். எழுத்தறிவு கொடுக்காமல், மருத்துவம் கற்க விடாமல், நடையைக் கடக்க விடாமல் வைத்திருந்தவளை இன்று 'மரபறிவின் களஞ்சியம்' எனப் பாராட்டுவது எளிது; பாராட்டுக்குச் செலவில்லை. அவளுடைய கையில் உண்மையான திறமை இருந்தது. வலியில் துடிப்பவளின் இடுப்பைத் தேய்த்துவிட்டு, விடியும் வரை உடனிருந்து, அஞ்சாதே என்று சொன்ன அந்த ஆற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவளுக்குக் கற்பித்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்பதே என் வருத்தம்.

மருத்துவமனையைக் கண்டு நம் பெண்கள் அஞ்சியது அறியாமையால் என்று எள்ளி நகையாடுவோரும் உளர். அவர்களுடனும் நான் உடன்படவில்லை. 1840களில் வியன்னாப் பெருமருத்துவமனையில் இரண்டு பேற்றுக்கூடங்கள் இருந்தன. மருத்துவ மாணவர் பேறு பார்த்த கூடத்தில் தாய்மார் கொத்துக்கொத்தாய்ப் பேற்றுக் காய்ச்சலால் இறந்தனர். மருத்துவச்சிகள் பார்த்த கூடத்தில் இறப்பு மிகக் குறைவு. பிணத்தை அறுத்த கையோடு மாணவர் பேறு பார்க்க வந்ததே காரணம் என்று செம்மல்வைஸ் கண்டறிந்து, 1847இல் கழுவுநீரில் கைகளைக் கழுவச் செய்தார்; இறப்பு சரிந்தது. முதற்கூடத்தில் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சிய வியன்னாப் பெண்களின் அச்சமே அறிவாக இருந்தது; பேராசிரியர்களின் செருக்கே அறியாமையாக இருந்தது. நம் தமிழகத்திலும் திண்டிவனத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரே இரவில் மூன்று வீட்டார் ஐடா ஸ்கட்டரிடம் வந்து, பிள்ளைப்பேற்றில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்க வேண்டினர். அவர் மருத்துவம் கற்றவர் அல்லர்; கற்றவரான அவர் தந்தையோ ஆண். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே ஐடாவை மருத்துவராக்கிற்று. அவர் 1918இல் வேலூரில் பெண்களுக்கெனவே மருத்துவப் பள்ளி தொடங்கினார். வேலூரில் அவர் கட்டியெழுப்பியதுள் கட்டடத்தை விட, பெண் நம்பி நீட்டக்கூடிய மற்றொரு பெண்ணின் கையே பெரிது.

வீட்டுப் பேற்றை வேண்டுவோருள் படித்தவர்கள் ஆலந்தையும் இங்கிலாந்தையும் சான்று காட்டுவர். காட்டட்டும், முழுவதையும் காட்டட்டும். இங்கிலாந்தில் நிகழ்த்தி 2011இல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்று, இடர்க்குறி இல்லாத பெண்களின் பேறுகளை ஒப்பிட்டது. முன்பே பெற்றவர்கள் வீட்டில் பெற்றால் குழந்தைக்குக் கேடு மிகுதியாகவில்லை என்று அது கூறியது உண்மையே. ஆனால் முதற்பேற்றுப் பெண்கள் வீட்டில் தொடங்கியபோது குழந்தைக்குக் கடுங்கேடு நேர்ந்த அளவு ஆயிரத்துக்கு 5.3 என்பதிலிருந்து 9.3 ஆக உயர்ந்தது. அவர்களுள் நூற்றுக்கு 45 பேர் இடையிலோ பெற்றவுடனோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். பட்டயம் பெற்ற மருத்துவச்சி உடனிருந்து, உயிர்க்காற்றும் ஊசியும் கையிலிருந்து, அழைத்தவுடன் அம்புலன்ஸ் வரும் நாட்டில் இந்த நிலை. செம்பனைக் காட்டின் மண்சாலையில் நடக்கும் பேற்றுக்கு அந்நாட்டைச் சான்றாக இழுப்பது எப்படித் தகும்?

2018 சூலையில் திருப்பூரில் நடந்தது உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். 28 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர். கணவரும் நண்பரும் யூடியூப் படங்களைப் பார்த்து வீட்டிலேயே பேறு பார்த்தார்கள். குழந்தை பிறந்தது, பிழைத்தது. தாய் உதிரப்போக்கால் இறந்தார். அடுத்த சில நாள்களில், மருந்தின்றி வீட்டில் பெறப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவர் கோயம்புத்தூரில் கைது செய்யப்பட்டார். இறந்தவர் எழுத்தறியாதவர் அல்லர், பிறர்க்குக் கற்பித்தவர். ஆகவே இந்நோய் படிப்பின்மையால் வருவதில்லை. மருத்துவத்தின் மீதுள்ள சினம், மரபு என்ற ஆடையைப் போர்த்திக்கொண்டு வருகிறது.

அந்தச் சினத்துக்குக் காரணம் இல்லையா? உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் என் வழக்கு பாதி வழக்காகிவிடும். பேற்றுக்கூடத்தில் பெண்ணை அதட்டுவது, திரையில்லாமல் கிடத்துவது, என்ன செய்கிறோம் என்று சொல்லாமலே ஆயுதத்தை எடுப்பது, அழுதால் "அப்பொழுது இனித்ததோ?" என்று கேட்பது: இவற்றைத் தாய்மார் தம் மகள்களிடம் தாழ்ந்த குரலில் சொல்லி வருகிறார்கள். இவ்வாறு ஒரு முறை நடத்தப்பட்டவள் மறுமுறை வீட்டிலேயே கிடப்பேன் என்றால் குற்றம் யாருடையது? மற்றொரு புறம் கத்தி தன் வேலையை மீறிப் பாய்கிறது. 1985இல் உலக நலநிறுவனம் அறுவைப் பேறு நூற்றுக்கு 10 முதல் 15 வரை இருந்தால் போதும் என்றது. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அது 44.9ஐத் தொட்டது. இத்தனை பெண்களின் வயிற்றைத் திறந்தாக வேண்டிய நோய் எதுவும் தமிழ்நாட்டில் பரவவில்லை. பணமும் நேரமும் அங்கே முடிவு செய்கின்றன.

எனவே நாம் கேட்க வேண்டுவது தெளிவு. பேறு மருத்துவமனையில், அல்லது அதன் சுவரை ஒட்டிய பேற்று நிலையத்தில் நடக்கட்டும்; இடரில்லாப் பேற்றை மருத்துவச்சியே முன்னின்று நடத்தட்டும்; மருத்துவர் கூப்பிடு தொலைவில் இருக்கட்டும். தாயோ கணவரோ தமக்கையோ, பெறுபவள் விரும்பும் ஒருவர் உடனிருக்க உரிமை வேண்டும். 2018இல் உலக நலநிறுவனம் வெளியிட்ட பேறுகால வழிகாட்டி இதனை வலியுறுத்துகிறது. இடநெருக்கடி என்று காரணம் சொல்வோர்க்கு, நெருக்கடி மிகுந்த தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பேற்றுத்துணைக்குக் கதவு திறந்ததைக் காட்டலாம். பத்தியமும் பேற்று மருந்தும் வேது குளியலும் வீடு திரும்பிய பின் பாட்டியின் கையில் நடக்கட்டும். தாதி அவற்றைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பாட்டியும் குழந்தையின் தொப்புளில் எதையும் வைக்க வேண்டாம்.

விடுப்பைப் பற்றியும் ஒரு சொல். பெற்ற உடம்போடு வெட்டுக்காட்டுக்குப் போனதைப் பெருமையாகப் பேசுகிறார்களே, போகாவிட்டால் பிரட்டில் பெயர் இருக்காது என்பதால்தான் போனாள். பிள்ளையை ஆயாக் கொட்டகைத் தொட்டிலில் போட்டுவிட்டு, மார்பில் பால் கட்டிய வலியோடு மரத்தில் பால் எடுத்தாள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் அளித்த 60 நாள் பேற்று விடுப்பு, 2023 சனவரி முதல் நாளன்றுதான் 98 நாளாயிற்று.

இன்று அந்த லயங்களில் நம்மவர் சிலரே. பால்மரம் செம்பனைக்கு இடம்விட்டது. நாம் விட்ட அறைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர் வாழ்கிறார்கள். வேலை அனுமதிச்சீட்டில் வந்த பெண் கருவுற்றால் நாடு திருப்பப்படுவாள். சீட்டில்லாதவள் மருத்துவமனைக்கு வந்தால் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்று 2001இல் சுற்றறிக்கை வந்தது. குடிமகளுக்கு வெள்ளிக் கணக்கில் முடியும் கட்டணம் அவளுக்குப் பல மடங்கு. ஆகவே அவள் அதே அறையில், அதே பாயில், கதவைச் சாத்திக்கொண்டு பெறுகிறாள். வீட்டுப் பேற்றின் இனிமையைப் பற்றி அவளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. நம் எழுத்தாளர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் நலத்துறைக்கு விடுக்கும் அடுத்த வேண்டுகோளில் இரண்டு வரிகள் சேர்க்கலாம்: பேறுகால வலியோடு வருபவளிடம் சீட்டைக் கேட்காதீர்கள், அறிவிக்கும் கடமையிலிருந்து பேற்றுக்கூடத்தை விலக்கி வையுங்கள்.